நொண்டும் முன்பே ரத்தம் காட்டிக்கொடுக்குமா?

கேள்வி: பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் 14 கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சிமெண்டுத் தரை, கட்டிவைத்துத்தான் வளர்க்கிறேன். போன வருடம் நன்றாகக் கறந்துகொண்டிருந்த ஒரு மாடு நொண்ட ஆரம்பித்தது. மூன்று மாதம் வைத்தியம் பார்த்தும் தேறாமல், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது கன்று போட்டு 70 நாளான இன்னொரு மாடு வலது பின்னங்காலை ஊன்றத் தயங்குகிறது. 16 லிட்டர் கறந்தது 11 லிட்டராகிவிட்டது. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டும் மாற்றமில்லை. மாடு நொண்டுவதற்கு முன்பே ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று என் மகன் படித்துவிட்டுச் சொல்கிறான். உண்மையா? எங்கே செய்யலாம்? 14 மாட்டுக்கும் செய்தால் பலன் உண்டா? இந்த மாட்டையும் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டைக் கொடுத்துவிடாதீர்கள். கன்று போட்டு 70 நாள், பின்னங்கால், ஊசிக்கு மசியாத நொண்டல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், குணப்படுத்தக்கூடிய கோளாறாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னால் விளக்குகிறேன்.

உங்கள் மகன் படித்தது பொய்யில்லை. உடலில் எங்காவது திசு சிதைந்தாலோ கிருமி புகுந்தாலோ, அந்த இடத்துச் செல்கள் ரத்தத்தில் சில செய்திப் பொருள்களை விடுகின்றன. அவை கல்லீரலை எட்டியதும், கல்லீரல் சில புரதங்களை அவசரமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. மனிதர்களுக்கு மருத்துவர் சி.ஆர்.பி. பரிசோதனை எழுதிக்கொடுப்பாரே, அது இந்த வகைப் புரதம்தான். மாட்டுக்குச் சி.ஆர்.பி. அவ்வளவாகப் பயன்படாது. அதன் இடத்தில் இருப்பவை ஹாப்டோகுளோபின், சீரம் அமைலாய்டு ஏ என்ற இரண்டும். நலமாக இருக்கும் மாட்டின் ரத்தத்தில் ஹாப்டோகுளோபின் இல்லை என்றே சொல்லிவிடலாம். அழற்சி தொடங்கிய ஓரிரு நாளில் அது நூறு மடங்குக்கு மேல்கூட ஏறும். நொண்டும் மாடுகளின் ரத்தத்தில் இது கூடியிருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சினை மாடுகளின் ரத்தத்தைக் கன்று போடுவதற்கு எட்டு வாரம் முன்பிருந்தே எடுத்து வைத்து, பின்னால் எவை நொண்டின என்று பார்த்தார்கள். நொண்டிய மாடுகளின் ரத்தம் அப்போதே வேறுபட்டிருந்தது. மகன் படித்தது இதைப் பற்றியதாக இருக்கலாம். அந்த ஆய்வில் நொண்டிய மாடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். என்றாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாத நாளிலேயே உடலுக்குள் ஏதோ நடக்கிறது என்று அது சொல்வதை நான் மதிக்கிறேன்.

ஆனால் உங்கள் 14 மாட்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஹாப்டோகுளோபின் ஏறியிருக்கிறது என்றால் உடலில் எங்கோ நெருப்பு பற்றியிருக்கிறது என்று பொருள். எங்கே என்று அது சொல்லாது. மடிநோய் வந்தாலும் ஏறும், கருப்பையில் சீழ் வைத்தாலும் ஏறும், நுரையீரலில் சளி கட்டினாலும் ஏறும். கன்று போட்ட முதல் வாரத்தில் எந்த நோயும் இல்லாத மாட்டுக்குக்கூடக் கொஞ்சம் ஏறும். நொண்டல் அதிகமாகத் தலைகாட்டுவதும் கன்று போட்ட பிறகான மாதங்களில்தான். மடிநோயும் கருப்பை நோயும் வருவதும் அப்போதுதான். இதைவிடச் சங்கடம் வேறொன்றும் இருக்கிறது. கிருமி புகாத உள்ளங்குளம்புக் காயத்தில், மாடு வலியில் தவித்துக்கொண்டிருந்தும், இந்தப் புரதம் பெரிதாக ஏறாமல் இருந்துவிடலாம். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று தாளில் எழுதிவரும்போது நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், மாடு நொண்டிக்கொண்டே இருக்கும்.

பாலில் பார்க்கலாமே என்றால், மடியே தனக்கென்று ஒரு வகை அமைலாய்டு புரதத்தைச் சுரக்கிறது. பாலில் அது கூடினால் முதலில் மடியைத்தான் சந்தேகிக்க வேண்டும். கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பும் அப்படித்தான். புதிய ஆள் வந்து கயிற்றைப் பிடித்த சில நிமிடத்திலேயே அது ஏறத் தொடங்கிவிடும். வலியால் ஏறியதா, பயத்தால் ஏறியதா என்று யார் பிரிப்பது? இப்போதைக்கு இவை ஆராய்ச்சிக்கூடத்தின் கருவிகள். நம் ஊர் ஆய்வகங்களில் இரத்தம் கொடுத்தவுடன் செய்து தரும் வழக்கமான சோதனைகள் அல்ல.

இனி அந்த 70 நாள் கணக்குக்கு வருகிறேன். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

குளம்புக்குள் ஓர் எலும்பு இருக்கிறது. அதைக் குளம்புச் சுவரோடு பிடித்துவைப்பவை நார்கள். எலும்பின் அடியில், குதிகால் பக்கமாக, ஒரு கொழுப்பு மெத்தை உண்டு. 500 கிலோ மாட்டின் பாரம் தரையில் இறங்கும்போது அதைத் தாங்குவது அந்த மெத்தைதான். கன்று போடும் சமயத்தில் இடுப்புத் தசைநார்கள் தளர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், வால் அடியில் இருபுறமும் குழி விழும். அதே நாட்களில் குளம்புக்குள் இருக்கும் நார்களும் தளர்கின்றன. எலும்பு சற்றுக் கீழே இறங்குகிறது. பிறகு பால் பெருகும்போது, தின்பது போதாமல், மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பாலாக்குகிறது. முதுகு வற்றும்போது குளம்பு மெத்தையும் மெலிகிறது. மெத்தை மெலிந்து, எலும்பும் இறங்கி, கீழே சிமெண்டுத் தரையாக இருந்தால் நடுவில் அகப்பட்ட உயிர்ச்சதை நசுங்கத்தானே செய்யும்? அங்கே ரத்தம் கசிகிறது. அந்த ரத்தக்கறை அப்போது உருவாகும் குளம்புப் பொருளோடு கலந்துவிடுகிறது.

குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளே நசுங்கிய இடம் அடிப்பாகத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர இரண்டு, மூன்று மாதம் ஆகிவிடுகிறது. ஆகவே உங்கள் மாட்டின் நொண்டலுக்குக் காரணமான காயம் போன வாரம் தொடங்கியதாக இருக்க வாய்ப்பு குறைவு. அது கன்று போட்ட நாட்களில் தொடங்கியிருக்க வேண்டும். நொண்டிய அன்று ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் நாம் தாமதமாகத்தான் வந்திருப்போம்.

அந்தக் காலைத் தூக்கிப் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். நொண்டும் கறவை மாடுகளில் பத்தில் ஒன்பதுக்குக் கோளாறு குளம்பில்தான் இருக்கும். அதிலும் பின்னங்காலின் வெளிக்குளம்பில்தான் மிகுதி. மூட்டில் எண்ணெய் தேய்ப்பதும் தொடையில் ஊசி போடுவதும் இடம் மாறிய வைத்தியம். கால்நடை மருத்துவரை அழைத்து, மாட்டை மரக்கூண்டில் நிறுத்தி, காலைக் கட்டித் தூக்கி, குளம்பைக் கழுவச் சொல்லுங்கள். கழுவிய குளம்பு ஒன்றும் இல்லாதது போலத்தான் தெரியும். குளம்புக் கத்தியால் மெல்லியதாக ஒரு சீவல் எடுத்ததும் வெள்ளை அடிப்பாகம் தெரியும். அதில் வெளிக்குளம்பில், குதிகால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், உள்பக்க ஓரமாக, வெற்றிலைச் சாறு பட்டது போல ஒரு சிவப்புக் கறை இருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அந்த இடத்தை இடுக்கியால் மெல்ல அழுத்தினால் மாடு காலை வெடுக்கென்று இழுக்கும். எத்தனையோ வருடமாகக் குளம்பு சீவுகிறேன், அந்த இழுப்பு என் கைக்கு வரும்போது இன்றும் மனம் கனக்கிறது. அத்தனை வலியோடு அது நாள்தோறும் இரண்டு வேளை பால் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கறையோ புண்ணோ இருந்தால் வைத்தியம் தெளிவானது. குளம்பைச் சரியான அளவுக்குச் சீவ வேண்டும். புண்ணைச் சுற்றிப் பிரிந்து நிற்கும் குளம்புப் பகுதியைச் சீவி எடுத்துவிட வேண்டும். பாரம் அந்தப் பக்கம் இறங்காதபடி, நலமாக இருக்கும் பக்கத்துக் குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்ட வேண்டும். கட்டை கிடைக்காவிட்டால், நோயுற்ற குளம்பின் குதிகால் பக்கத்தைச் சற்றுத் தாழ்த்திச் சீவினாலும் பாரம் பெருமளவு குறையும். கூடவே வலி குறைக்கும் மருந்து. சீவுதல், கட்டை, வலி மருந்து மூன்றையும் சேர்த்துக் கொடுத்த மாடுகளே நன்றாகத் தேறின என்று பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் பயன்படுத்தியது கீட்டோபுரோஃபென். நம் நாட்டில் அதை மாட்டுக்குப் போடக்கூடாது. பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்லும் என்பதால் டைக்ளோஃபெனாக்கை 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் 2023இலும் கால்நடைகளுக்குத் தடை செய்துவிட்டார்கள். உங்களுக்கு வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளை நினைத்து, மெலாக்சிகாம் போடும்படி உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கழுகுக்கும் கேடில்லாதது. மருந்து போட்ட பின் எத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆன்டிபயாடிக் போட்டதைத் தவறு என்று சொல்லி உங்களை வருத்த விரும்பவில்லை. இரு குளம்புகளுக்கும் நடுவே உள்ள கவட்டையில் வீங்கி, நாற்றமடித்து, காய்ச்சலோடு வரும் குளம்பு அழுகலுக்கு அதுதான் மருந்து. நசுங்கிய காயத்துக்கு அதனால் பலனில்லை, அவ்வளவுதான். வாயிலும் புண் இருந்து எச்சில் வழிந்தால் அது கோமாரி, அதற்கு வழி வேறு.

இனி மீதி 13 மாடுகள். ரத்தம் வேண்டாம் என்றால் வேறு எதை வைத்து முன்கூட்டியே பிடிப்பது என்று கேட்பீர்கள். முதல் தடயம் மாட்டின் முதுகு. கட்டுத்தரையிலேயே நிற்கும் மாடு நொண்டுவதை யாரும் பார்க்க முடியாது. மாடு இரையாகிப் பழகிய இனம், வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். எனவே நாளுக்கு ஒரு வேளையாவது அவிழ்த்து, தண்ணீர் காட்டும் இடம் வரை சமதரையில் நடக்கவிடுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். நலமான மாட்டின் முதுகு நிற்கும்போதும் நடக்கும்போதும் நேராக இருக்கும். நிற்கையில் நேராக இருந்து நடக்கையில் மட்டும் வில்லாக வளைந்தால் அதுதான் நீங்கள் தேடும் ஆரம்பக் கட்டம். அப்போது நொண்டல் கண்ணுக்குத் தெரியாது, பாலும் பெரிதாகக் குறைந்திருக்காது. நிற்கும்போதும் வளைந்திருந்தால் இரண்டாம் கட்டத்துக்குப் போய்விட்டது. தலையை ஆட்டி ஆட்டி நடப்பதும் ஒரு காலைத் தவிர்ப்பதும் அதற்கும் பிறகு வருபவை.

கட்டியிருக்கும்போதே பார்க்கக்கூடியவையும் உண்டு. பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டே இருப்பது. ஒரு காலை மட்டும் நுனியில் வைத்து ஓய்வு கொடுப்பது. சாணக் கால்வாயின் விளிம்பில் குளம்பை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டு நிற்பது. இந்தக் கடைசியை நம் ஆட்கள் மாட்டின் பழக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். வலிக்கும் இடத்தில் பாரம் படாமல் இருக்கத்தான் அது அப்படி நிற்கிறது. பால் கறக்கும் ஆள் மாட்டின் பின்னங்கால்களுக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் சொல்லிவைத்தால் போதும்.

குளம்புக்கு மேல் தோல் தொடங்கும் விளிம்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம். வெயில் ஏறுவதற்கு முன், கால் காய்ந்திருக்கும்போது, இடது வலது இரண்டையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தக் காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டுப் பண்ணைகளில் வெப்பப் படக்கருவி வைத்துச் செய்வதும் இதே ஒப்பீடுதான். சேறு அப்பிய குளம்பில் கருவியும் ஏமாறும், கையும் ஏமாறும்.

ரத்தப் பரிசோதனையால் பயனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். முதுகு வளைந்த எல்லா மாட்டுக்கும் குளம்பில் கோளாறு இருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்ணையில், முதுகை வளைத்துக்கொண்டு அடியெடுத்து வைக்கவே தயங்கிய ஒரு மாட்டுக்கு இரண்டு முறை குளம்பு சீவியிருந்தார்கள். நான் போனபோது நாலு குளம்பும் சுத்தமாக இருந்தன. ஆனால் முன்னங்கால் முட்டிகள் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. சரிவில் இறங்க மறுத்தது. திமில் பக்கத்தில் முதுகுத் தோலைக் கிள்ளிப் பிடித்தேன். நலமான மாடு முதுகைத் தாழ்த்தும். இது தாழ்த்தாமல் முனகியது. ரத்தம் எடுத்து ஃபைப்ரினோஜன் பார்த்தோம். இதுவும் கல்லீரல் தரும் அழற்சிப் புரதம்தான், ஹாப்டோகுளோபினுக்கு மூத்தது. பிளாஸ்மாவை 56 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கினால் திரிந்து அடியில் படியும், அதை அளந்தால் போதும். எளிய ஆய்வகத்திலும் செய்யலாம். அளவு மிக அதிகம். வயிற்றைத் திறந்தபோது இரண்டாம் இரைப்பையின் சுவரில் மூன்று அங்குலக் கட்டுக்கம்பி குத்தி நின்றது. கொட்டகைக்குக் கூரை மாற்றியபோது சிதறிய கம்பி தீவனத்தோடு உள்ளே போயிருக்கிறது. குளம்பில் எதுவும் கிடைக்காத நாளில் ரத்தத்திடம் கேட்பது இப்படித்தான் உதவும். உங்கள் மாட்டின் குளம்பும் சுத்தமாக இருந்தால் ரத்தச் செல் கணக்கும் ஃபைப்ரினோஜனும் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் வழிகாட்டும்.

தீவனத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் கன்று போட்ட மாட்டுக்குத் தெம்பு வரட்டும் என்று அரிசிக் கஞ்சியும் மக்காச்சோள மாவும் ஒரேயடியாகக் கூட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. இரைப்பையில் அமிலம் ஏறும், அசை போடுவது குறையும், அதன் பாதிப்பு குளம்பு வரை வரும். அடர்தீவனத்தைக் கன்று போட்ட பின் இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள், சோளத்தட்டோ வைக்கோலோ எப்போதும் முன்னால் இருக்கட்டும். சினைக் காலத்தில் மாடு மெலியாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்தக் குளம்பு மெத்தைக்கு நீங்கள் செய்யும் முதலீடு. சிமெண்டுத் தரைக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள். முடியாவிட்டால், உங்கள் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவைக் காயவைத்துப் பரப்பி, ஈரமானதை அன்றன்று அள்ளிவிடுங்கள். நாளில் பாதி நேரம் படுத்திருக்க வேண்டிய பிராணி அது. படுக்கப் பிடிக்காத தரையில் நின்றுகொண்டே இருந்தால் குளம்புதான் அந்த விலையைக் கொடுக்கும்.

மயில்துத்தம் என்ற செம்பு உப்பின் கரைசலில் காலை முக்குவது பலர் சொல்லும் யோசனை. கவட்டைத் தொற்றுகளுக்கு அது நல்லது, 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ. நசுங்கிய காயத்துக்கு உதவாது. பயன்படுத்தினால், மிச்சத்தைத் தென்னைப் பாத்தியில் ஊற்றாதீர்கள், செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். செம்மறி ஆடு வைத்திருந்தால் அதன் வாய் படவே கூடாது. செம்பு நஞ்சை அது தாங்காது.

இந்த வாரமே மருத்துவரை வரவழையுங்கள். 1962க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உங்கள் ஊருக்கே வரும். கட்டை ஒட்டிய மாட்டை மெத்தென்ற தரையில், தீவனமும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கும்படி கட்டுங்கள். ஒரு மாதத்தில் கட்டையைக் கழற்றி மறுபடி காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அன்று வரும் மருத்துவரிடம், அடுத்து கன்று போடவிருக்கும் மாடு எது என்று சொல்லி, அதன் குளம்புகளையும் பால் வற்றும் நாளில் சீவிவிடச் சொல்லுங்கள்.